தனியுரிமை என்று நான் எழுதிய சொல்

அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பிரெஞ்சுக் காலத்து நிலப் பத்திரங்களும் இங்கிலீஷ் ஆணைகளும் என் மேசைக்கு வந்து தமிழாகிப் போயின. ஒரு பத்திரத்தில் ஒரு சொல் இரண்டு பொருள் தந்துவிட்டால் அண்ணனும் தம்பியும் கோர்ட்டு வாசலில் கிழவர்களாகிப் போவார்கள் என்பதை நேரில் பார்த்தவன். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீடு. மாடியில் நான் இருக்கிறேன். மனைவி போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. மகன் பிரான்சில். கீழ்வீட்டில் ஒரு தாயும் மகளும் பதினோரு வருஷம் குடியிருந்தார்கள். அந்த அம்மாவின் கணவர் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியபின் அவர் அதிக நாள் இருக்கவில்லை. அம்மா ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்வந்தார். மகளுக்கு நேரு வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. என்னைத் தாத்தா என்று கூப்பிடுவாள். என் கண்ணாடியின் கால் தளர்ந்திருந்தால் வாசலிலேயே கழற்றி வாங்கி, கைப்பையிலிருந்து ஒரு குட்டித் திருப்புளியை எடுத்து முறுக்கித் தருவாள். “இத மாட்டிக்கிட்டே படுத்துடாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? உங்களுக்குக் காதும் போயிடுச்சா?” என்பாள். அந்த அதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. வேறு யாரும் என்னை அதட்டுவதில்லை.

மகன் வற்புறுத்தித்தான் பிராட்பேண்ட் லைன் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். லைன் என் பேரில், என் போன் நம்பரில். பெட்டியை மாடிப்படிச் சுவரில் மாட்டினார்கள். பாஸ்வேர்டைக் கீழ்வீட்டுக்கும் கொடுத்தேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இப்படித்தான்: வீட்டுக்காரர் பேரில் ஒரு லைன், அதில் இரண்டு மூன்று குடும்பம். நான் காசு வாங்கவில்லை. பதிலுக்கு மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கீழேயிருந்து ஒரு கிண்ணம் கறிக்குழம்பு மேலே வரும்.

லைன் வாங்கும்போது ஒரு காகிதம் தந்திருந்தார்கள். வாடிக்கையாளர் எந்தெந்தத் தளங்களைப் பார்க்கிறார் என்ற விவரத்தை, அவர் எழுத்தில் சம்மதிக்காமல் கம்பெனி யாருக்கும் தரக் கூடாது, இது அரசாங்க விதி என்று அதில் இருந்தது. பிறகு அரசாங்கம் அந்த விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தொழில் வளர்ச்சிக்கு அது இடைஞ்சலாக இருக்கிறதாம். செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு சிறிய பத்தி. படித்தேன், மடித்து வைத்துவிட்டுக் காபி போடப் போனேன்.

சில வாரங்கள் கழித்துக் கம்பெனியின் மேனேஜர் வீடு தேடி வந்தார். கையில் இங்கிலீஷில் ஒரு அறிவிப்பு. வாடிக்கையாளர்களுக்கு அதைத் தமிழில் அனுப்ப வேண்டும், ஆனால் அவர்கள் ஆபீஸில் செய்த தமிழைப் படித்தால் அவருக்கே புரியவில்லையாம்.

“கவர்மென்ட்லயே எழுதினவரு நீங்க. உங்க கை பட்டாத்தான் சார் அது தமிழ்” என்றார்.

இந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதுமாக இருந்தது. ரிட்டயர் ஆகிப் பதினாறு வருஷத்தில் என் தமிழைத் தேடி வந்த முதல் ஆள் அவர்.

அறிவிப்பின் சாரம் இதுதான். விதி போய்விட்டது. இனி நீங்கள் பார்க்கும் தளங்களின் விவரத்தைக் கம்பெனி பயன்படுத்திக்கொள்ளும், பிற கம்பெனிகளுக்கும் தரும். வேண்டாம் என்பவர்கள் கீழே உள்ள சீட்டைக் கிழித்துக் கையெழுத்திட்டு ஒரு மாதத்துக்குள் ஆபீஸில் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்.

முதலில் ‘அந்தரங்கப் பாதுகாப்பு விதி’ என்று எழுதினேன். மேனேஜர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“அந்தரங்கமா? சார், சினிமா போஸ்டர் மாதிரி இருக்கு. பொம்பளைங்க படிப்பாங்களா இத? வேற ஏதாச்சும் கௌரவமா போடுங்களேன்.”

அடித்துவிட்டுத் ‘தனியுரிமைப் பாதுகாப்பு விதி’ என்று எழுதினேன். ஆபீஸ் அகராதியில் உள்ள சொல்தான். ஆனால் எங்கள் தெருவில் தனியுரிமை என்றால் ஒரே ஆள் குத்தகையாகப் பிடித்து வைத்திருப்பது என்றுதான் படும். சரக்குக்குத் தனியுரிமை, ஏஜென்சிக்குத் தனியுரிமை. அதுவும் எங்கள் பக்கம் எல்லாத் தெருக்களிலும் இந்த ஒரு கம்பெனியின் ஒயர்தான் ஓடுகிறது. வேறு கம்பெனிக்காரன் கம்பம் ஏறினால் சண்டை வரும். ‘தனியுரிமைப் பாதுகாப்பு விதி விலக்கிக்கொள்ளப்பட்டது’ என்றால் படிப்பவன் என்ன நினைப்பான் என்று எழுதும்போதே எனக்குப் பட்டது. பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதி முடித்தேன். “விவரங்கள் பகிரப்படலாம்” என்ற வரியையும் முழுநீள வாக்கியம் ஒன்றின் நடுவில் வைத்தேன். அலுவலகத் தமிழில் அதற்கெல்லாம் இடம் இருக்கிறது. கெட்ட செய்தியை வாக்கியத்தின் நடுவில் வைத்தால் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள்.

அறிவிப்பு வீடு வீடாகப் போனது. மறுநாள் காலை டீக்கடையில் தெருவே கொண்டாடியது.

“பாத்தியா, தனியுரிமைய எடுத்துட்டானுங்களாம். இனிமே யாரு கிட்ட வேணா லைன் எடுத்துக்கலாம்.”

“மழை பேஞ்சா மூணு நாளு வராது இவன் லைனு. ஒழிஞ்சான்.”

“அவனே நோட்டீஸ் அடிச்சி அவனே குடுத்திருக்கான்யா. எவ்ளோ நல்லவன் பாரு!”

என்னைப் பார்த்து ஒருவர் கேட்டார்: “ஏன் சார், நீங்க படிச்சவரு, கரெக்ட்டுதானே?”

நான் டீயை ஊதிக் குடித்தேன். “அந்த மாதிரிதான் ஏதோ” என்றேன்.

அன்று மாலை கீழ்வீட்டு அம்மா நோட்டீஸோடு படியேறி வந்தார். “சார், இதுல கீழ ஒரு சீட்டு இருக்கே, அத நாங்க எதாச்சும் எழுதிக் குடுக்கணுமா?”

“உங்களுக்கு இல்லம்மா. லைன் என் பேர்ல இருக்கு. நான் பாத்துக்கறேன்.”

“அப்ப சரி சார். நீங்க பாத்தா நாங்க பாத்த மாதிரி.”

நான் பார்க்கவில்லை. மகனின் முகத்தையும் செய்தியையும் வானிலையையும் தவிர நான் என்ன பார்க்கிறேன்? எனக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். என் பேரில் இருக்கும் லைனில் இன்னும் இரண்டு பேருடைய வாழ்க்கை ஓடுகிறது என்பது ஒரு நிமிஷம்கூட மனத்தில் வரவில்லை. சீட்டு மேசை இழுப்பறையில் கிடந்தது. மாதம் கடந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பையன் அரியாங்குப்பத்துக்காரன், மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கண்ணாடி மாட்டப் போன இடத்தில் பழக்கமாகி, அவனே வீட்டில் சொல்லிப் பெண் கேட்க வைத்தான். எங்கள் வழக்கப்படி மூன்று ஓலை படிக்க வேண்டும். அதாவது கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசை முடிவில் மணமக்கள் பேரையும் பெற்றோர் பேரையும் கோயிலில் வாசிப்பார்கள். ‘இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்’ என்று அது முடியும். முதல் ஓலை படித்த அன்று அவள் தலையைக் குனிந்தபடி முக்காட்டுக்குள் சிரித்ததைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். அன்று வந்த குழம்புக் கிண்ணத்தோடு ஒரு லட்டும் வந்தது.

அதற்கு அடுத்த புதன்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது.

“வணக்கம் சார், சென்னையிலேருந்து பேசறோம். நரம்பு சம்பந்தப்பட்ட ஆஸ்பத்திரி. உங்க இணைப்புல வலிப்பு நோய் பத்தின தளங்களைக் கொஞ்ச நாளா தொடர்ந்து பாத்துட்டு வர்றதா எங்களுக்கு விவரம் வந்திருக்கு. முதல் ஆலோசனை இலவசம் சார்.”

“விவரம் யார் கொடுத்தாங்க?”

“அது கம்பெனி மூலமா வர்றது சார். இப்ப எல்லாம் பர்மிஷன் இருக்கு.”

“எனக்கு வலிப்பு கிடையாதும்மா.”

“வீட்டுல வேற யாருக்காவது? கர்ப்பம் சம்பந்தமான தளமும் இதுல இருக்கு சார். லேடீஸ் யாராச்சும் இருக்காங்களா? கல்யாணம் ஆகப்போறவங்க?”

போனை வைத்திருக்கலாம். “கீழ்வீட்டுல ஒரு பெண் இருக்கா” என்றேன். வயது கேட்டாள். அதையும் சொன்னேன். கேட்டால் பதில் சொல்லிப் பழகிய அரசாங்க வாய்.

போனை வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் பொருந்தியது. பல வருஷம் முன்பு கல்லூரியிலிருந்து அவளை ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். உதட்டில் பல் பட்ட காயம். “வெயிலு சார், மயக்கம் போட்டுடுச்சி” என்று அம்மா சொன்னார். அவளை வண்டி ஓட்ட விடாததற்கும் பயம் என்று காரணம் சொன்னார்கள். பதினோரு வருஷம் என் தலைக்குக் கீழே இருந்துகொண்டு அந்த அம்மா எவ்வளவு கவனமாக இதை மூடி வைத்திருக்கிறார் என்று வியந்தேன். வருத்தப்படவில்லை, வியந்தேன். யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்பதில் ஒரு கிளர்ச்சி இருந்தது. அதை இப்போது எழுதக் கூசுகிறது. ஆனால் இருந்தது.

இரண்டாம் ஞாயிறு. இரண்டாம் ஓலை. ‘கடமைப்பட்டிருக்கிறார்கள்’ என்ற சொல் என்னைப் பார்த்துச் சொன்னது போல விழுந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால், பையனின் தாய்மாமன் வாசலில் நிற்கிறார். அவர் என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், எங்கள் கோயில் பங்கையே சேர்ந்தவர். ‘மோன் வியே’ என்றுதான் இன்றும் என்னைக் கூப்பிடுவார். கிழட்டுத் தோழனே என்று வைத்துக்கொள்ளலாம்.

“என்னா மோன் வியே, உன் வீட்டுல இருக்கிற நல்லத நாங்க தூக்கிக்கிட்டுப் போறோம். இனிமே ஞாயித்துக்கிழமை குழம்புக்கு எங்க போயி நிப்ப?”

“உன் வீட்டு வாசல்லதான்.”

“வா, வா. எங்க தங்கச்சி ஊத்துவா, தண்ணியா இருக்கும்.”

சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் சொன்னேன்: “தங்கமான பொண்ணு. கூட்டிக்கிட்டுப் போங்க. அந்த வலிப்புகூட இப்ப ஒன்னும் இல்ல போல. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

அவர் நின்றுவிட்டார். “என்னா வலிப்பு?”

“அடடா, தெரியாதா? சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

நான் அப்படி நினைக்கவில்லை. தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்ததுபோலச் சொன்னால் சொன்ன பழி வராது, கடமையும் முடியும். சாமியாரிடம் போயிருந்தால் காரணம் கேட்பார். நண்பனிடம் பேச்சுவாக்கில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அவள் போய்விட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்ற எண்ணம் என் மனத்தின் மூலையில் இருந்ததா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை என்று எழுதத்தான் ஆசை.

செவ்வாய்க்கிழமை மாலை கீழ்வீட்டில் குரல்கள் கேட்டன. மாடிப்படித் திருப்பத்தில், அந்தப் பெட்டி மாட்டியிருக்கும் சுவரின் பக்கத்தில் நின்றேன்.

“ரெண்டு ஓலை படிச்சி ஊருக்கே தெரிஞ்சாச்சி. இப்ப போயி எங்களுக்கு இத மூணாவது மனுஷன் வந்து சொல்லணுமா?” பையனின் அம்மா.

“அத்தே, அவருக்கு மொதல்லயே சொல்லிட்டேன். கேட்டுப் பாருங்க. நாலு வருஷமா எனக்கு வரவே இல்ல. மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“அவனுக்குத் தெரிஞ்சா ஆச்சா? நாளைக்கு ஒரு புள்ள பொறந்து அதுக்கும் வந்தா, தூக்கிக்கிட்டு ஓடப்போறவ நான்தானே?”

“நீங்க சொல்லுங்க” என்றாள் அவள். அது பையனிடம்.

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நானும் தப்பித்துவிடுவேன் என்று நினைத்தேன். பிறகு, “அம்மா, வீட்டுல போயிப் பேசிக்கலாம்மா” என்று மட்டும் கேட்டது. அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. இருவரும் பேசி முடிவு செய்த விஷயம் அது. அவர்கள் இரண்டு பேருக்குள் இருந்தவரை அது தாங்கக்கூடியதாக இருந்தது.

போகும்போது கீழ்வீட்டு அம்மா அழுதுகொண்டே கேட்டார்: “யாரு சொன்னான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.” தாய்மாமன், “தெரிஞ்சவங்கதான் சொன்னாங்கம்மா, விடுங்க” என்றார். என்மேல் வைத்த மரியாதையால் பேரைச் சொல்லவில்லை. அந்த மரியாதை இன்னொருத்தி தலையில் போய் விழுந்தது.

அவளுடைய நோய் தெரிந்தவர்கள் நான்கே பேர்: அம்மா, டாக்டர், பையன், பள்ளியிலிருந்து கூடவே வந்த ஒரு தோழி. தோழி பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். அந்த டாக்டரின் கிளினிக்கிலேயே நர்சு. சந்தேகம் வேறு எங்கும் போக வழி இல்லை. மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே இருவரும் சண்டை போட்டார்கள். மேலிருந்து கேட்டேன்.

“ஒன்னத் தவிர யாருக்குடி தெரியும்?”

“மாதாமேல சத்தியமா நான் இல்லடி.”

“மாதாவ ஏன்டி இழுக்கற?”

“பத்தாவது படிக்கச்சே இருந்து என் பையில ஒனக்கு மாத்திரை வச்சிக்கிட்டுத் திரிஞ்சவடி நான். என்னப் போயி கேக்கற பாரு.”

அப்போதாவது இறங்கிப் போயிருக்க வேண்டும். பதினெட்டுப் படி. நான் உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினேன்.

மூன்றாம் ஞாயிறு வேறு ஒரு ஜோடியின் பேரைப் படித்தார்கள். தாயும் மகளும் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் இல்லை. கோயிலில் நிறையப் பேர் அந்தப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மேலே குழம்பு வரவில்லை.

அந்த வாரம் சீட்டை எடுத்துக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். சீட்டைப் பார்த்ததும் முகம் சங்கடப்பட்டது. “தேதி முடிஞ்சிடுச்சே சார். இனிமே சிஸ்டம் எடுக்காது.” ஏற்கெனவே போனவற்றைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். “எத்தினி பேருக்குப் போயிருக்கோ, எங்களுக்கே தெரியாது சார்.” பொய் சொல்வதாகத் தெரியவில்லை. “நோட்டீஸ்லயே எல்லாம் இருந்துச்சே, நீங்கதானே எழுதுனீங்க” என்றார். குத்திக் காட்டவில்லை. நினைவூட்டினார்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச்சாமியார் என் பேரன் வயதுக்காரர். மரச்சட்டத்துக்கு இந்தப் பக்கம் முழந்தாளில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டீஸ், சீட்டு, போன், வாசலில் பேசியது, தோழி.

“ஐயா, வலிப்பு கல்யாணத்துக்குத் தடையே இல்லையே. முன்னாடியே கல்யாணம் ஆனவங்களா, நெருங்கின ரத்த உறவா, கட்டாயப்படுத்தறாங்களா, இதுக்குத்தான் அந்த அறிவிப்பு. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் சாமி.”

“போயி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வாங்க” என்றார்.

“சாமி, நான் இங்க சொன்னது…”

“நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் ஐயா. நீங்கதான் சொல்லணும்.”

திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வந்தாள். என் கதவைக் கடந்துதான் போக வேண்டும். “கண்ணாடி சரியா இருக்கா தாத்தா?” என்று வழக்கம்போல் கேட்டுவிட்டுப் போனாள். குரலில் மட்டும் ஆள் இல்லை. நான் பின்னாலேயே ஏறினேன். அவள் ஒரு போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தபடியே சொன்னேன். “ஒன் சிநேகிதி சொல்லல. நான்தான் சொன்னேன்.”

முதலில் அவளுக்குப் புரியவில்லை. “உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள். நான் போனைப் பற்றிச் சொன்னேன். லைனைப் பற்றிச் சொன்னேன். விதி போனது, விவரம் விற்கப்படுவது, சீட்டு, இழுப்பறை. போர்வையின் தண்ணீர் இரண்டு பேர் காலிலும் சொட்டிக்கொண்டிருந்தது.

“நான் போன்ல என்ன பாக்கறேன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“எந்தத் தளம்னு தெரியும். உள்ள நீ என்ன படிச்சன்னு தெரியாது.”

“நான் என்ன படிச்சேன்னு சொல்லட்டுமா தாத்தா? இந்த மாத்திரைய சாப்பிட்டுக்கிட்டே கொழந்த பெத்துக்கலாமான்னு படிச்சேன். டாக்டர் சொன்னாரு, ஆனா நம்பிக்கை வரல. எல்லா எடத்துலயும் தேடிப் பாத்தேன். டாக்டர் பாத்துக்கிட்டா பெத்துக்கலாம்னுதான் போட்டிருந்திச்சி.”

அவள் அழவில்லை. போர்வையை என் கையிலிருந்து வாங்கிக் கொடியில் போட்டாள். ஓரங்களைச் சமமாக இழுத்துவிட்டாள்.

“அம்மா உங்ககிட்ட நோட்டீஸ எடுத்துக்கிட்டு வந்தாங்கல்ல?”

“வந்தாங்க.”

“தனியுரிமைன்னா, கேபிள்காரன் குத்தகைன்னுதானே நாங்க எல்லாம் நெனச்சோம். ‘நீங்க பாக்கறத நாங்க விப்போம்’னு எழுதியிருந்தா எங்கம்மாவுக்குக்கூடப் புரிஞ்சிருக்கும். ஆறாவது படிச்சவங்க அவங்க.”

அந்த நோட்டீஸை எழுதியதே நான்தான் என்பதை அப்போதுதான் சொன்னேன். அதுவரை அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும். ஒரு வீட்டுக்குள் வந்து, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“மாப்பிள்ளை வீட்டுக்கு நான் வந்து பேசட்டுமா?”

“பேசி? அவரு அன்னிக்கு வாயத் தொறக்கல. நோய ஊரே பேசினாலும் நான் தாங்கிக்குவேன். அவரு பேசாததத்தான்…” வாளியை எடுத்தாள். “அங்க வேணாம். வேற ஒரு எடத்துக்கு வாங்க. அவகிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா இனிமே அவ கேக்க மாட்டா.”

உடனே புறப்பட்டோம். அவள் ஈரப் பாவாடையோடு முன்னால் நடந்தாள், நான் பின்னால். இரண்டு நிமிஷ நடைதான். வழியில் ஒருவர், “என்னா சார், புது கம்பெனிக்காரன் லைன் எப்ப வருது?” என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

தோழி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வெள்ளை உடுப்பு, கையில் டிபன் பாக்ஸ். எங்களைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுகொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை. நான் தெருவில் நின்றபடி மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை நோட்டீஸை எழுதியது நான் என்பதிலிருந்து தொடங்கினேன். பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். பிறகுதான் உறைத்தது, இப்போதும் நான் அவளுடைய நோயைத்தான் தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. பாதியில் குரல் அடங்கிவிட்டது.

தோழி என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தாள்.

“மாதாமேல சத்தியம் பண்ணேன். அப்ப நம்பல. இந்தக் கெழவரு வந்து சொன்னாத்தான் நம்புவியா?”

“தப்புதான்டி.”

“தப்பு இவரு பண்ணது. நீ பண்ணது வேறடி.”

கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிச் சாத்தவில்லை. தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்கவில்லை.

“நீங்க போங்க தாத்தா” என்றாள் அவள். “நான் கொஞ்ச நேரம் நின்னு பாக்கறேன்.”

நடந்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேலைக்குக் கிளம்பியவள் எப்படியும் வெளியே வந்துதானே ஆக வேண்டும்.

அடுத்த மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு வில்லியனூர்ப் பக்கம் போனார்கள். சாமான் ஏற்றும்போது அந்த அம்மா என்னிடம் சாவியைக் கொடுத்தார். கொடுத்ததும் வண்டியில் ஏறிக்கொண்டார். லைனை நான் வெட்டிவிட்டேன். மகன் இப்போது சாதாரண போனில் கூப்பிடுகிறான். அன்று அந்தக் கதவு திறந்ததா என்று எனக்குத் தெரியாது. தோழி இன்னும் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள், யாரைக் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நான் கேட்கவில்லை.